சிடியில் ஒரு பின்பாட்டு

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
4.5.2008

அன்புள்ள ஜெயம்,

நலம். நீயும் கிட்டாரோடு அருள்முருகனும் பிரான்சில் நாந்த் போய்ச் சேர்ந்ததாக உன் தம்பி அரிகிருஷ்ணன் வந்து சொன்னான்.

நீ கேட்ட சிடி இத்துடன். என் பின்பாட்டு மட்டும் இருக்கிறது. ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு, வேர்த்து ஊற்றப் பாடினேன். நீ பாட வேண்டிய இடங்களைக் காலியாக விட்டிருக்கிறேன். எதிரில் நீ இல்லாததால் விரல் விட்டு எண்ணினேன்.

உங்களோடு வர லீவு கிடைக்கவில்லை என்றதற்கு உனக்கு இன்னும் வருத்தமாம். கல்லூரி நூலகத்தில் மே மாதம் புத்தகச் சரிபார்ப்பு. என்ன செய்ய?

நம் சைக்கிள் பாட்டை யூடியூபில் மூன்று லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். ஆலைச் சங்கு ஊதுவதற்குள் மேட்டுப்பாளையம் ஷிப்டுக்குச் செயின் கழன்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவளைப் பற்றி பிரேசில்காரருக்கு என்ன தெரியும்? ஒருவர் 'கடலைப் போல இருக்கிறது' என்று எழுதியிருக்கிறார். பாட்டில் கடல் எங்கே வருகிறது? வீடியோவில் நீ மட்டும் தெரிகிறாய். கேமராவை உன் பக்கம் திருப்பச் சொன்னது நான்தான், மறக்கவில்லை.

சால்வை இல்லாமல் வெளியே போகாதே.

சந்திரகலா


நாந்த், பிரான்ஸ்
22.5.2008

கலாக்கா,

சிடி வந்துச்சு. வேளைக்குச் சாப்புடுங்க. இங்க ரொட்டியப் பாத்தாலே எனக்குத் தாடை வலிக்குது.

நேத்து மொத மேடை. எழுநூறு பேரு. ரெண்டு அடி நல்லாத்தான் வந்துச்சு. மூணாவது அடி மறந்துபோச்சு. எப்பவும் மறக்கறதுதானே. நீங்க என் மூஞ்சியப் பாத்துட்டு முந்திக்கிட்டு எடுத்துக் குடுப்பீங்க, நான் புடிச்சிக்குவேன். நேத்தும் பழக்கத்துல இடதுபக்கம் திரும்பிட்டேங்க்கா. அங்க ஸ்பீக்கர் பொட்டிதான் இருந்துச்சு. உங்க குரல் வர்றதுக்குள்ள என் இடம் போயிடுச்சு. அதைப் புடிக்கறதுக்குள்ள சிடி நாலாவது அடிக்குப் போயிடுச்சு. கடைசி வரைக்கும் உங்க பின்னாடியே ஓடுனேன்.

ஜனங்க எழுந்து நின்னு கை தட்டுனாங்க. அப்படித்தான் பாடணும்போலன்னு நெனச்சிட்டாங்க. ஒரு அம்மா அழுதுக்கிட்டே வந்து கையப் புடிச்சாங்க. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. ரூமுக்கு வந்தப்புறம் சிரிப்பு வரல.

இன்னும் அஞ்சு மேடை இருக்கு, அடுத்தது ஜூன் பாதியில. போதும்னு ஊருக்குத் திரும்பிடலாமான்னு இருக்கு. நீங்க சொல்லுங்க. அருள்முருகன் வீடியோவ ஏத்திட்டான். பாக்காதீங்க.

உங்க
ஜெயம்


முத்தியால்பேட்டை
4.6.2008

அன்புள்ள ஜெயம்,

பார்த்தேன். மூன்றாவது அடியில் நீ இடப்பக்கம் திரும்பியதும், இங்கே பிரவுசிங் சென்டரில் என்னை அறியாமல் சத்தமாக எடுத்துக் கொடுத்துவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர், "என்னா மேடம், யாரக் கூப்புடறீங்க?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் லீவு கேட்கவே இல்லை. அரிகிருஷ்ணன் கொடுத்த பாஸ்போர்ட் படிவம் இன்னும் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. கை தட்டுகிறவர்களுக்கு என்ன புரியப்போகிறது என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அது காரணமில்லை. மேடையில் என் முகம் தெரிவது எனக்குப் பிடிக்காது. எல்லாரும் உன்னை மட்டுமே பார்ப்பார்கள் என்பதும் பிடிக்கவில்லை. நாற்பத்தொன்பது வயதில் சொல்லிக்கொள்கிற சங்கதி இல்லை. எழுதிவிட்டேன், இனி அடித்துத் திருத்தப்போவதில்லை.

ஐந்து மேடையும் பாடிவிட்டு வா. சிடியைப் போட வேண்டாம். மறந்தால் பாட்டை நிறுத்திவிட்டு நில். ஞாபகம் வரட்டும், அவர்கள் எங்கேயும் போய்விட மாட்டார்கள். மூன்றாவது அடியை உள்ளங்கையில் எழுதிக்கொள்: 'சங்கூத நேரமிருக்கு, நின்னுட்டுப் போடி.'

நீ வந்து இறங்கும் ஜூன் முப்பதாம் தேதி சென்னை விமான நிலையத்துக்கு வருகிறேன். ஒரு நாள் லீவு கேட்டு இன்று காலை எழுதிக் கொடுத்தேன். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

கலா