எல்லாரும் கேட்ட சேனல்

என் அன்பு மனைவிக்கு,

மாடு திரட்டும் வேலை முடிந்தது. ஆறாயிரத்துச் சொச்சம் உருப்படி. மூன்றாம் ஆழ்துளைக் கிணற்றின் பம்ப் மறுபடி மக்கர் செய்கிறது.

கடைசி நாளில் ஒரு தவறு நடந்தது. தலைமை மேய்ப்பர் கிளாரியிடம் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். தனிச் சேனலுக்கு மாற்றிவிட்டதாக நினைப்பு.

"அவ அம்மா சாவுக்கு நானும் கூடப் போயிருக்கணும் கிளாரி. திரட்டல் முடியட்டும்னு சொன்னேன் பாரு, அது தப்பு."

சேனல் மாறவே இல்லை; எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. மேலிருந்து மாடுகளை விரட்டும் ஹெலிகாப்டரின் பைலட் பெண்தான் முதலில் பேசினாள்.

"பாஸ், இதை எதுக்கு எங்ககிட்ட சொல்றீங்க?"

"அவங்க ஊருக்குப் போயி மூணு மாசமாச்சே, இப்பவாவது வாயத் தொறந்தாரே" என்றார் சமையற்காரர் மெர்வ்.

ஐம்பது மைல் தள்ளியிருக்கும் பக்கத்துப் பண்ணை ஹாலரன் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "தம்பி, அவளுக்கு எழுது. பம்பைப் பத்தி மட்டும் எழுதித் தொலைக்காதே."

மேலே எழுதியதை அடிக்க மனமில்லை. பம்ப் உண்மையிலேயே மக்கர்தான்.

கிளாரி கடைசியாகச் சொன்னது ஒன்றுதான்: "மாட்டை நான் பாத்துக்கறேன். நீ கெளம்பு."

ஆகவே இந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தபால் விமானத்தில் நானே வருகிறேன். உன் அம்மாவின் கல்லறைக்கு என்னை அழைத்துப் போ. நீ திரும்பி வருவதைப் பற்றி அதற்குப் பிறகு முடிவு செய், நான் வற்புறுத்தமாட்டேன்.

நேரில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் நீ கதவைத் திறந்ததும் இதைத்தான் முதலில் நீட்டுவேன். படித்து முடிக்கும்வரை வெளியே நிற்கிறேன்.

உன் கணவன்