காமிராவைப் பார்க்காதே, மிக்கா

1985 செப்டம்பர் 11, புதன்

ஜெர்மனியில் ஏதோ ஒரு திரைப்பட விழாவுக்கு, தையற்காரிகளைப் பற்றி நான் எடுத்த ஆவணப்படத்தைக் கேட்டிருக்கிறார்கள். என்னையும் வரச் சொல்கிறார்கள். நாற்பத்து மூன்று வயதில் முதல் விமானப் பயணம். சேலோவிடம் சொன்னால், எடிட்டிங் மேசையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "போ, போ. எடுத்தவளுக்கு விமானம், வெட்டினவளுக்கு முதுகுவலி" என்கிறாள். அவளையும் அழைத்துப் போகக் கேட்டுப் பார்க்கலாம். மறுத்துவிடுவார்கள், தெரியும்.

தடித்த கோட்டு ஒன்று வாங்க வேண்டும். அங்கே நவம்பரில் பல் கிட்டிக்கொள்ளுமாமே.

செப்டம்பர் 19

பூமி ஆடியது. இருக்கிறேன். சேலோவும் இருக்கிறாள். வேறு எதுவும் எழுத முடியவில்லை.

செப்டம்பர் 23

பஸ் இல்லை. சான் அந்தோனியோ அபாத் சாலை வரை நடந்தேன். மாதக்கணக்கில் நான் படம் எடுத்த தையல் தொழிற்சாலை இப்போது ஒரு ஆள் உயரம்கூட இல்லை. மாடிகள் மடித்து அடுக்கிய போர்வை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கின்றன. இடுக்குகளில் துணிச் சுருள்கள் தெரிகின்றன. காலை ஷிப்டுக்கு உள்ளே போனவர்கள் உள்ளேயே.

முதலாளி அனுப்பிய ஆட்கள் முதலில் பணப்பெட்டியைத்தான் தூக்கப் பார்த்தார்களாம். தப்பிய பெண்கள் கல்லெறிந்து விரட்டியிருக்கிறார்கள். என் தோளில் காமிரா இருந்தது. ஒரு அடி ஃபிலிம்கூட ஓட்டவில்லை. பிறகு எதுக்குடி அதைச் சுமந்துக்கிட்டுப் போனே?

அக்டோபர் 12

தப்பிய தையற்காரிகள் இடிபாட்டுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உடல்களும் வேண்டும், கூலி பாக்கியும் வேண்டும், அதுவரை எழ மாட்டோம் என்கிறார்கள். படத்தை இங்கே காட்டச் சொன்னது அவர்கள்தான். என் திறமையைப் பார்க்க அல்ல, போனவர்களின் முகத்தைப் பார்க்க.

இருட்டியதும் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டி ஓட்டினோம். ஒவ்வொரு முகம் வரும்போதும் கூட்டத்திலிருந்து ஒரு பெயர் எழும்பியது. படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் ஒரு அம்மாள் மட்டும் எழவில்லை. சால்வையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுடுச்சா கண்ணு? என் பொண்ணு இன்னும் வரலையே."

தோன்யா எர்மீனியா. நகரத்துக்கு வெளியே, ஏழைகள் குடியிருக்கும் நெசாவிலிருந்து வந்திருக்கிறார். மகள் மிக்காயேலா, காலர் தைப்பவள். சினிமாவில் வரப்போகிறேன் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தாளாம்.

மிக்காவை எப்படி மறப்பேன்? காமிராவைக் கண்டால் அவள் கண் தானாக லென்ஸுக்குள் வந்துவிடும். ஆள் லென்ஸைப் பார்த்தால் அந்த ஷாட் உதவாது, எங்கள் தொழிலின் அரிச்சுவடி அது. அவள் இருந்த ஒவ்வொரு ஷாட்டையும் நானும் சேலோவும் வெட்டி எடுத்துவிட்டோம். இதை அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லையாம். இருந்த ஒன்று மழை வெள்ளத்தில் கரைந்துவிட்டது. படம் ஒட்டிய வேலை அட்டை அவளோடு உள்ளே போயிற்று. "செத்தவங்க நாள் வருது. படையல் மேசையில வைக்க முகம் வேணாமா? முகம் இல்லாட்டி எந்த வீடுன்னு பார்த்து அவ வருவா?" என்று கேட்டார்.

அக்டோபர் 15

வெட்டிய துண்டுகளைச் சேலோ போன வருடமே எடைக்குப் போட்டுவிட்டாள். ஃபிலிமைக் கரைத்து வெள்ளி எடுப்பவர்களிடம். லேபில் கேட்டால், பயன்படாத நெகட்டிவைக் கழித்தாயிற்று என்கிறார்கள். சேலோ சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மேல் கோபப்பட்டேன். வெட்டச் சொன்னவள் யார்?

அக்டோபர் 16

ஜெர்மனிக்கு வரவில்லை என்று தந்தி கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 24

ஒலி இருக்கிறது!

காமிராவில் படம் மட்டும்தான் பதியும். குரலைத் தனியாக நாடாவில் எடுப்போம். நாடாக்களை யாரும் எடைக்கு வாங்குவதில்லை, அதனால் பிழைத்தன. தையல் எந்திர இரைச்சலுக்கு நடுவே மிக்கா.

"அக்கா, நல்லா இருக்கேனா?"

"காமிராவைப் பார்க்காதே, மிக்கா."

"பாக்கலக்கா."

"மறுபடியும் பார்க்கிறே."

"அதுதான் என்னைப் பாக்குது. நான் என்ன பண்ண?"

சிரிப்பு. அதற்கு மேல் என் குரல், சுள்ளென்று: "ஐயோ, இந்தப் பொண்ணால ஃபிலிமெல்லாம் பாழ்."

சேலோ நாடா ஓடிய எந்திரத்தை நிறுத்தினாள். "உன் குரலை மட்டும் எடுத்துடறேன் நியெவேஸ். அந்தம்மா அதைக் கேக்கணுமா?" நாடாவை வெட்டும் பிளேடு கையில் தயாராக இருந்தது. சரி என்ற சொல் வாய் வரை வந்தது, உண்மையைச் சொன்னால் அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் என் குரல் போய்விட்டால் அந்தப் பெண் யாருமில்லாத அறையில் யாருக்கோ பதில் சொல்வாள். வேண்டாம் என்றேன். அவளிடமிருந்து நாங்கள் வெட்டியது போதும்.

நவம்பர் 1, வெள்ளி

நெசா. வழியெல்லாம் புழுதி. தோன்யா எர்மீனியா வீட்டில் மேசை தயார். துலுக்கச் சாமந்தி, ரொட்டி, மோலே குழம்பு, மிக்காவுக்குப் பிடித்த ஆரஞ்சு சோடா. நடுவில் மட்டும் ஒரு இடம் காலியாக விட்டிருந்தார்.

படம் இல்லை என்று சொன்னேன். ஏன் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் மேசையின் அந்தக் காலி இடத்தைத் துடைத்தார். பக்கத்து வீட்டு சோய்லாதான், "இதுக்குத்தான் அவ்வளவு தூரம் வந்தியா?" என்றாள். நாடாவைப் போட்டேன். நான் சுள்ளென்று விழுந்த இடம் வந்தபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா அதட்டியிருக்கே கண்ணு. நானும் இப்படித்தான் அதட்டுவேன். சொன்ன பேச்சு கேக்கவே மாட்டா."

பெருமையாகச் சொன்னார். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். அப்புறம்தான் அழுதார், நானும் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னை ஒரு படம் எடு. அவளுக்கு அப்படியே என் ஜாடை. இங்க வெச்சுக்கறேன்" என்றார்.

சோய்லா சிலுவை போட்டுக்கொண்டாள். உயிரோடு இருப்பவர் படத்தை அந்த மேசையில் வைத்தால் வருடம் திரும்புவதற்குள் சாவு வந்து கூட்டிக்கொண்டு போகும், புத்தி கெட்டுப் போச்சா உனக்கு என்று கத்தினாள்.

"கூப்பிட்டாப் போறேன். அவ வீடு தெரியாம தெருவுல நிக்கக் கூடாது."

வெளிச்சம் பார்ப்பதற்காக நான் வைத்திருக்கும் சின்னக் காமிரா பையில் இருந்தது, எடுத்தவுடன் படத்தை வெளியே தள்ளிவிடும். அதை எடுக்கவே எனக்குக் கை வரவில்லை. இத்தனை படித்தவள், இதையெல்லாம் நம்புகிறேனா? நம்புகிறேன் போலிருக்கிறது. ஆனால் அவர் அதற்குள் மகளுடைய நீல மேலங்கியை மாட்டி, தலையை அவளைப் போலவே பக்கவகிடு எடுத்துச் சீவிக்கொண்டு, ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துவிட்டார். லென்ஸை நேராகப் பார்த்தார்.

"அவ பார்த்த மாதிரியே பாக்கறேனா?"

ஆமாம் என்றேன். லென்ஸுக்குள்ளிருந்து அவளைப் பார்த்தவள் உலகத்தில் நான் ஒருத்திதானே, வேறு யாரிடம் கேட்பார்?

நவம்பர் 2

படம் மேசையேறியதிலிருந்து சோய்லா அந்தப் பக்கமே வரவில்லையாம். பூ மட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

1986 நவம்பர் 2

திடமாக இருக்கிறார். கதவைத் திறந்ததும், "சாவுக்கே குழப்பம் கண்ணு, யாரைக் கூப்பிடறதுன்னு" என்றார். வருடம் முழுக்க எனக்குப் பயம் இருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

1993 நவம்பர் 2

ஜெர்மனிக்காரர்கள் அப்புறம் கூப்பிடவேயில்லை. வேறு ஊர்களுக்குப் போனேன், வேறு படங்கள் எடுத்தேன். நல்ல கோட்டுகூட இருக்கிறது. சேலோ போன வருடம் தொழிலை விட்டாள், முதுகுவலிதான் காரணம்.

நெசாவுக்குப் போய்வந்தேன். தோன்யா எர்மீனியாவுக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது. பல் போய்க் கன்னம் ஒட்டியிருக்கிறது. மேசையில் அதே படம். "பாரு, இப்ப இதுல நான் இல்ல. அவ மட்டும்தான்" என்று சந்தோஷமாகக் காட்டினார்.

வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் கண்ணை மூடி மிக்காவை நினைத்துப் பார்க்க முயன்றேன். அந்த எந்திரம், அந்த இரைச்சல், திரும்பும் கழுத்து எல்லாம் வருகின்றன. முகம் திரும்பியதும் ஜன்னலோரம் உட்கார்ந்த அம்மாள்தான் வருகிறார். எத்தனை முறை முயன்றாலும் அவர்தான். மிக்காவின் முகம் கடைசியாக இருந்த இடம் என் தலை. அங்கேயும் இல்லை.

அதற்கு முன், அங்கிருந்து கிளம்பும்போது சோய்லாவின் பேத்தி படத்தைக் காட்டிக் கேட்டாள்: "மிக்கா அத்தை இப்படியேதான் இருந்தாங்களா?"

தோன்யா எர்மீனியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படியேதான் இருந்தாங்க" என்றேன்.