திருப்பிப் போட்ட வாக்குத்தத்தம்

ஆவடி,
11.2.1988

அன்புள்ள எப்சிபாவுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? குவார்ட்டர்ஸ் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். இந்த முறையும் என் பெயர் இல்லை. நீங்கள் இங்கே வர இன்னும் ஒரு வருஷம் ஆகும். எரிச்சலாக வருகிறது.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். புதுவருஷ ஆராதனையில் தட்டிலிருந்து இந்த வருஷத்துக்கென்று நான் முதலில் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டை, விக்கிரகங்களுக்கு விலகியிருக்கச் சொன்னது. நம்மிடம் ஏது விக்கிரகம் என்று, யாரும் பார்க்காமல் திருப்பிப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தேன். அதில் வீடு தருவதாக இருந்தது. தலைமாட்டில் ஒட்டி, தினமும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். நேற்று பட்டியலைப் பார்த்துவிட்டு வந்து அதைக் கிழித்துப் போட்டேன்.

கூடத் தங்கியிருக்கும் பக்தவத்சலம் சிரிக்கிறான். ஜோசியக் கிளி எடுத்த சீட்டை நம்புகிறான் என்று அவனை நான் திட்டாத நாளில்லை.

"இன்னா நைனா, உன் கிளி பொய் சொல்லிடுச்சா?" என்றான். திருப்பிப் போட்ட அட்டை அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கருப்பட்டி தீர்ந்துவிட்டது, யாராவது வந்தால் கொடுத்தனுப்பு. பாப்பாவின் போட்டோ ஒன்றும் வை. அதைத் தலைமாட்டில் ஒட்ட மாட்டேன், பெட்டிக்குள்தான் வைப்பேன். ஒட்டினால் அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்ற ஆரம்பித்துவிடுவேன்; இப்போது எனக்கு என்மேலேயே நம்பிக்கை இல்லை.

ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

உன்
தவசிங்