தாளிக்கும்போது கதவைச் சாத்து

மார்ச் 4, செவ்வாய்

மூன்று பட்டன் தொழிற்சாலைகள் பார்த்தாயிற்று. இரண்டாவதில்தான் சரக்கு உருப்படி. தரம் தெரிய ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். துரை முகம் சுருங்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். துரை என்பது என் கொழுந்தனுக்கு நான் வைத்த பெயர். இங்கிலீஷ் பேசுவான், அதற்காகத்தான் கடல் தாண்டிக் கூட்டி வந்தேன். பேச அவன், கடிக்க நான். இருபது வருஷமாகக் கடித்துத்தான் என் பட்டன் கடை நிற்கிறது.

சாயங்காலம் விடுதியின் பொது அடுப்படியில் சோறும் பருப்பும் ஆக்கினேன். ஐந்து நாள் காய்ந்த ரொட்டிக்குப் பிறகு, எண்ணெயில் கடுகு வெடித்ததும் உயிரே திரும்பி வந்தது.

மார்ச் 5

நேற்று சாப்பிடும்போதே ஒன்று நடந்தது. எழுதப் பிடிக்காமல் விட்டேன். மாடி அறைக்காரர், கப்பலில் இயந்திரம் பார்க்கிறவராம், அடுப்படி வாசலில் வந்து நின்றார். மூக்கைத் தொட்டுக் காட்டி ஏதோ ஆரம்பித்தார். முடிக்க விட்டால்தானே? துரை துள்ளி எழுந்து, "சாரி, சாரி" என்று ஜன்னலைத் திறந்தான், சட்டியை மூடினான். அவர் திரும்பி மாடியேறிப் போய்விட்டார்.

அதோடு நின்றானா? இன்று காலை விடுதிக்காரம்மாவிடம் போய், இனி நாங்கள் சமைக்கவே மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான்.

"யாரைக் கேட்டுடா சொன்னே?"

"இது நம்ம வீடு இல்ல அண்ணி. மிளகா நெடி மாடி வரைக்கும் போவுது. மானம் போவுது."

"நெடிதான் போவுது. மானம் எங்கிட்டயேதான் இருக்கு."

ஊருக்கு ஃபோன் போட்டால் என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். "நீ என்னிக்கு யாரைக் கேட்டு அடுப்பு பத்த வெச்சே?"

மார்ச் 6

ரொட்டி. முடியாது. இன்னும் பத்து நாள் இப்படியா? நான் என்ன தப்பு செய்தேன்?

மார்ச் 7

துரையை இழுத்துக்கொண்டு விடுதிக்காரம்மாவிடம் போனேன். ஞாயிறு மதியம் விடுதியில் இருக்கிற எல்லாருக்கும் என் சமையல் என்று சொல்லச் சொன்னேன். அம்மாள் முகம் இறக்கிய ஷட்டர் மாதிரி இருந்தது. யோசித்து, ஒரு பூட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஒருத்தர் முகம் சுளிச்சாலும் அடுப்படிக்குப் பூட்டுதானாம் அண்ணி. நாம கிளம்பற வரைக்கும்."

"சரின்னு சொல்லு."

"அண்ணி, கொஞ்சம் யோசி—"

"உங்கிட்ட மொழிபெயர்ப்புதான் கேட்டேன். அபிப்பிராயம் கேக்கல."

மார்ச் 9, ஞாயிறு

ஏழு பேர். விடுதிக்காரம்மா, மாடிக்காரர், சைக்கிளில் ஊர் சுற்றும் அக்கா தங்கை, ஒரு நர்ஸ், நாங்கள் இருவர். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல். காரத்தைக் குறைக்கவில்லை. எதற்குக் குறைக்க வேண்டும்?

"தாளிக்கும்போதாவது கதவைச் சாத்துங்க அண்ணி." சாத்தவில்லை.

முதல் வாயிலேயே தங்கைக்காரிக்குப் புரையேறிக் கண்ணில் நீர் கொட்டியது. விடுதிக்காரம்மா கையோடு கொண்டுவந்திருந்த பூட்டைப் பார்த்தாள். என் கை கரண்டியோடு அந்தரத்தில் நின்றது. பயந்தேன், பொய் எதற்கு? அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு தட்டை நீட்டினாள். இன்னும் குழம்பு.

பிறகு மாடிக்காரர் என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். துரைக்குக் காது சிவந்துவிட்டது.

"என்னடா சொல்றாரு?"

"அன்னிக்கு அவரு குத்தம் சொல்ல வரலையாம் அண்ணி. வாசனை பிடிச்சுட்டு வந்தாராம். ஒரு கரண்டி கிடைக்குமான்னு கேக்க. நாலு மாசமா டப்பா சாப்பாடாம். நான் சட்டிய மூடினதும், தர மாட்டாங்க போலன்னு போயிட்டாராம்."

எனக்கு வந்த ஆத்திரம்! வாங்க வந்தவன் வாயைத் திறக்குமுன் விலையைக் குறைக்கிறவனையே நான் கடையில் வைத்துக்கொள்ள மாட்டேன். இவன் சரக்கையே ஒளித்துவிட்டான்! ஆனால் நாலு பேர் முன்னால் திட்டவில்லை. மாடிக்காரர் தட்டில் மூன்றாம் தடவையாகச் சோற்றைப் போட்டேன். துரை தட்டிலும்.

மார்ச் 11

தொழிற்சாலைக்காரர் முன்னால் பட்டனைக் கடித்தேன். துரை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

மார்ச் 12

துரை கேட்காமலே வெங்காயம் உரித்தான், மூக்கும் கண்ணும் ஒழுக. எண்ணெய் காய்ந்தது. எழுந்து கதவுப் பக்கம் போனான். சாத்தத்தான் போகிறான் என்று திட்ட வாயெடுத்தேன்.

நாற்காலியை இழுத்து, கதவு சாத்திக்கொள்ளாதபடி முட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"மாடிக்குத் தெரிய வேணாமா அண்ணி?"

கடுகைப் போட்டேன்.