தம்பியோடு முப்பத்துமூன்று அடி ஆழத்தில்

செப்டம்பர் 9, திங்கள்

இன்று மழை இல்லை. எங்கள் வட கடலோர ஊரான பீட்டர்ஹெட்டில் இதுவே ஒரு செய்தி. அதைவிடப் பெரிய செய்தி: தம்பி இன்னிஸுக்குத் தொட்டியில் இடம் கிடைத்துவிட்டது! நான் போனில் ஒரு வார்த்தைதான் சொன்னேன், ஆக்சிஜன் சிகிச்சை மையத்தில் அத்தனை பேரும் எழுந்து நின்று இடம் கொடுத்தார்கள். (அவன் மகள் ஷீனா மூன்று மாதம் முன்பே பெயர் கொடுத்து வைத்திருந்தாளாம். அதனால் என்ன? போனை எடுத்தது நான்தானே.)

தொட்டி என்றால் குளிக்கிற தொட்டி அல்ல. ஆறு பேர் உட்காரும் இரும்பு உருளை. கதவை மூடிக் காற்றை ஏற்றி ஏற்றி, கடலுக்குள் முப்பத்துமூன்று அடி இறங்கினால் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவுக்குக் கொண்டுபோவார்கள். பிறகு முகமூடி வழியாக ஒரு மணி நேரம் சுத்தமான ஆக்சிஜன். சொட்டுத் தண்ணீர் கிடையாது, ஆனாலும் பெயர் 'முங்கல்'. இன்னிஸுக்கு இருபது முங்கல்.

பிப்ரவரியில் பக்கவாதம். கால் திரும்பி வந்தது, பேச்சு வரவில்லை. நாற்பது வருடம் மீன்படகில் கத்திய வாயில் இப்போது மிச்சம் இரண்டே சொல். ஒன்று 'ஆமா'. இன்னொன்று 'நாசமாப் போக'.

டாக்டர் சொன்னார்: "இது மூளைக்கு உதவும்னு இன்னும் யாரும் உறுதியா நிரூபிக்கல. போறதுன்னா போங்க. பேச்சுப் பயிற்சிய மட்டும் விட்றாதீங்க."

நான் அதில் 'உதவும்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 11, புதன்

இன்னிஸ் உள்ளே போகமாட்டேன் என்றுவிட்டான். தலைக்கு மேல் வானம் இருந்தே பழகியவன். கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு "நாசமாப் போக! நாசமாப் போக!"

தொட்டியை இயக்குவது எஃபி. இருபது வருடம் பஸ் ஓட்டியவள். "கூட ஒரு ஆளு உள்ள உக்காந்தா பயம் தெளியும்" என்றாள்.

ஷீனா உடனே பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "எங்க பெரியப்பா இருக்காரே! வட கடல்ல எண்ணெய்க் கிணத்துக்கு முக்குளிச்சவரு. அறுநூறு அடி!"

"அடேயப்பா! அப்ப மர்டோவுக்கு நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேண்டாம்" என்றாள் எஃபி, என்னைப் பார்த்து.

"நீ பாட்டுக்கு பஸ்ஸ ஓட்டு எஃபி, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

இன்னிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

செப்டம்பர் 12, வியாழன்

சரி, எழுதித் தொலைக்கிறேன். முக்குளிப்பவர்களின் கப்பலில் நான் இரண்டு வருடம் இருந்தது சத்தியம். சமையலறையில். முட்டை பொரித்தேன். மேலே வந்தவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டேன், கொஞ்சம் தாளித்து என்னுடையதாக்கிக்கொண்டேன். ஷீனாவுக்கு ஆறு வயதில் ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை.

இது தெரிந்த ஒரே ஆள் இன்னிஸ். நாற்பது வருடமாகக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போது அவனுக்கு வாயும் இல்லை. நல்லவேளை என்று ஒரு நொடி நினைத்தேன்.

அந்த ஒரு நொடிக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

செப்டம்பர் 16, திங்கள்

முதல் முங்கல்! வெற்றி!

காற்று ஏறியதும் காதுக்குள் யாரோ ஆணி அடித்தார்கள். அடைப்பை எப்படி எடுப்பது? முக்குளித்தவனுக்குத் தெரிந்திருக்கும், முட்டை பொரித்தவனுக்கு எங்கே தெரியும்? எஃபி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி இன்னிஸ் என் மூக்கைத் தன் விரலால் பிடித்து, ஊது என்று கன்னத்தை உப்பிக் காட்டினான். ஊதினேன். 'டப்' என்று திறந்தது. யார் யாருக்குத் துணையாகப் போனோம் என்று இங்கே எழுதப்போவதில்லை.

வெளியே வந்ததும் எஃபியிடம் சொன்னேன்: "அறுநூறு அடிக்கு முன்னால இதெல்லாம் கொசு."

செப்டம்பர் 27, வெள்ளி

எட்டு முங்கல் ஆயிற்று. 'ஆமா'. 'நாசமாப் போக'. அவ்வளவுதான்.

அக்டோபர் 4, வெள்ளி

டீ! "டீ" என்றான்! பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் அம்மாள் கோப்பைப் படத்தைத் தூக்கிக் காட்டினாளாம், இவன் பளிச்சென்று "டீ". ஷீனா போனில் அழுகிறாள், நான் நடுத்தெருவில் ஆடுகிறேன். மாலை மதுக்கடையில் சொல்லும்போது அது "எனக்குப் பாலும் ரெண்டு சர்க்கரையும் போட்டு ஒரு டீ" என்று வளர்ந்திருந்தது. வளரட்டுமே.

அக்டோபர் 10, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் சந்தோஷத்தில் நானே ரொட்டி சுட்டேன், எங்கள் பக்கத்து ரொட்டி, பாதி மாவு, பாதி பன்றிக்கொழுப்பு. இன்னிஸுக்கு உயிர். பன்னிரண்டு முங்கலுக்குப் பிறகு வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டாமா என்று காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, ஸ்வெட்டருக்குள் ஒளித்து உள்ளே கொண்டுபோனேன். பெரிய முக்குளிப்பாளன் என்பதால் என்னை எஃபி சோதிப்பதில்லை.

பதினாறு அடியில் என் வயிற்றிலிருந்து 'படார்'. வெளியே அழுத்தம் ஏற ஏற டப்பா உள்வாங்கி நசுங்கிவிட்டது. எஃபி பதறி எல்லோரையும் மேலே கொண்டுவந்தாள். கதவு திறந்தது. டப்பாவைப் பிடுங்கி முகர்ந்தாள்.

"கொழுப்பா? ஆக்சிஜன் ஓடுற எடத்துல கொழுப்பா? ஒரு பொறி போதும்யா, ஆறு பேரும் வறுவல்! எந்த முக்குளிப்பாளன்யா எண்ணெய்ப் பண்டத்த உள்ள கொண்டாருவான்?"

எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். வாசலில் ஷீனா. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எஃபி, அறுநூறு அடியில நாங்க..."

பின்னாலிருந்து குரல்.

"அண்ணன்... முக்குளிக்கல."

திரும்பினேன். இன்னிஸ்!

"அண்ணன்... சமையல். முட்டை."

நாற்பது வருட மானம் கப்பலேறுகிறது, நான் அவன் இரண்டு தோளையும் பிடித்து உலுக்குகிறேன்.

"இன்னொரு தடவ சொல்லுடா!"

"சமையல்."

"சத்தமா சொல்லுடா!"

"முட்டை! நாசமாப் போக!"

ஷீனா அழுதுகொண்டே சிரித்தாள். "பெரியப்பா, முட்டையா?"

"முட்டைதான் கண்ணு. வெறும் முட்டை."

இதில் ஒரு எழுத்துகூட நான் கூட்டவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

எஃபி தீர்ப்பு: மர்டோவுக்கு இனித் தொட்டிக்குள் இடமில்லை. நியாயம்தான். ஆறு உயிர். இரவெல்லாம் அது உறுத்தியது.

ஆக்சிஜனா, பயிற்சியா, என் மேல் வந்த கோபமா, எது பேச வைத்தது என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். எனக்குத் தெரியும். என் ரொட்டி.

இன்னிஸ் கதவருகே நின்றான். என் தோளில் ஒரு தட்டு தட்டினான். தனியாக உள்ளே போனான்!

நவம்பர் 1, வெள்ளி

இருபதாவது முங்கல் முடிந்தது. வருகிற வாரத்திலிருந்து வாரம் ஒன்று போதுமாம்.

இப்போது மையத்துச் சமையலறை என்னுடையது. முங்கி வருகிறவர்களுக்கு டீயும் முட்டையும். என் ரொட்டியில் எஃபி இரண்டு தின்றாள், "நல்லா இருக்கு" என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. இன்று புதிதாக ஒரு ஆள் வந்தார். கரண்டியோடு நின்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்: "அந்தக் கப்பல்ல, ஐயா, காலைல மட்டும் ஐந்நூறு முட்டை. ஒத்தக் கையால."

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் கோப்பையை இறக்கினான்.

"அறுபது... அண்ணே."

அறுபது என்று திருத்திக்கொண்டேன். அடுத்த வாரம் ஆயிரம் என்று சொல்லிப் பார்க்க வேண்டும். எத்தனை வார்த்தையில் திட்டுகிறான், பார்ப்போம்.