சீனத்தில் திட்டிய அண்ணிக்கு

சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் கையிலிருந்து பன்னீர் வாசனை போகமாட்டேன் என்கிறது, அண்ணி. இன்று உங்கள் திடலில் விழா. தெருவுக்குப் பெரியண்ணன் பெயரை வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் மேலெல்லாம் பன்னீரைத் தெளித்தார்கள். அவர் மேடையேறி, பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இது எங்க குடும்பம் மனசார இந்த சனங்களுக்குக் குடுத்த எடம்" என்றார். குரல் வேறு தழுதழுத்தது. தேர்தலில் நிற்கப்போகிறவருக்குத் தழுதழுக்காமல் என்ன செய்யும்? இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நீங்கள் சின்னண்ணனைக் கட்டிக்கொண்டு பினாங்கிலிருந்து கப்பலில் வந்து நாகப்பட்டினத்தில் இறங்கியபோது நான் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். அங்கே உங்கள் அப்பாவின் கடையும் ஒரு சீனரின் மருந்துக்கடையும் ஒட்டிக்கொண்டிருந்ததாம். பாதி நாள் அந்தக் கடையில்தான் வளர்ந்தேன் என்பீர்கள். கீழ்வேளூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு இது போதாதா? வந்த வாரமே உங்களுக்குச் சீனாக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது.

நீங்கள் சும்மா இருந்தீர்களா என்ன! பந்தியில் பரிமாறிக்கொண்டே ஒவ்வொருத்தர் இலைக்கும் முன்னால் ஏதோ முணுமுணுப்பீர்கள். ஸ்லோகம் சொல்லிப் பரிமாறுகிறாள் என்று அம்மா பூரித்துப்போவாள். பிறகு கிணற்றடியில் எனக்கு மட்டும் அந்தச் சீனத்துக்கு அர்த்தம் கிடைக்கும். மனுஷர்கள் மனுஷர்களிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று சீனர்கள் பார்த்துப் பார்த்து நாலு நாலு சொல்லாகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பீர்கள். பெரியண்ணன் பெயரைச் சொல்லிச் சொல்லியே ஊரை அதட்டித் திரிந்த நம் பண்ணைக் காரியக்காரருக்கு, புலியைப் பின்னால் நிறுத்திக்கொண்டு மிரட்டும் நரி. வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்படியே சின்னண்ணனுக்கு என்ன என்று கேட்டுவிட்டேன். "ஒரே கட்டில், வேற வேற கனவு" என்றீர்கள். அன்றைக்கு நீங்கள் சிரிக்கவில்லை.

பெரியண்ணனுக்கு மட்டும் ஒன்றும் வைக்காமல் இருந்தீர்கள். "இரு, அவரை இன்னும் முழுசாப் பாக்கல" என்பீர்கள்.

பார்க்கிற நாள் வந்தது. நில உச்சவரம்புச் சட்டம் வருகிறது என்றதும் மிராசுதார் வீடுகளில் எல்லாம் நிலத்தைப் பங்கு போட்டு யார் யார் பெயருக்கோ எழுதினார்கள். தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் பட்டாதாரர்கள் ஆனார்கள். கொட்டிலில் நிற்கிற பசு மாடுதான் பாக்கி என்று ஊர் சிரித்தது. எங்கள் வீட்டில் வாய்க்கால் ஓரத்து வயலும் திடலும் உங்கள் பெயருக்கு வந்தன. ஊர் நடப்பு தெரியாத சீனாக்காரி, என்ன கேட்டுவிடப்போகிறாள் என்ற தைரியம்!

அந்தத் திடலில்தான் நம் வயலில் நடவும் அறுப்பும் செய்த குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள், கொடி நட்டார்கள். பெரியண்ணனுக்கு அவர்களைக் கிளப்பியாக வேண்டும். ஆனால் குடியிருப்பவர்களுக்கே மனை சொந்தம் என்று அடுத்த சட்டம் வந்துவிட்டது. அங்கே எவரும் குடியிருந்ததே இல்லை என்று நீங்கள் தாசில்தாரிடம் சொன்னால்தான் அண்ணன் காரியம் நடக்கும்.

அப்போது வீட்டில் கொட்டிய பாசம் இருக்கிறதே, சீ! கும்பகோணத்திலிருந்து பட்டுப்புடவை வந்தது. "இந்த வீட்டு லட்சுமியே நீதாம்மா" என்று அண்ணன் உருகினார். அதுவரை உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்காத பெரியம்மா உங்களுக்குத் தலை பின்னிவிட்டாள். சிரிப்புக்குள்ளே கத்தி என்றீர்கள் என்னிடம். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

தாசில்தார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டுதான் வந்து நின்றீர்கள்.

"இருக்காங்க சார். நான் வந்த நாளா அங்கதான் குடியிருக்காங்க."

"என்னம்மா பேசுறே?" என்று அண்ணன் எழுந்துவிட்டார்.

"நெலம் என் பேர்ல இருக்குன்னு நீங்கதானே மாமா ஊரெல்லாம் சொன்னீங்க? அப்ப நான்தானே சொல்லணும்?"

அவர்களுக்கு மனை நிலைத்தது. உங்களுக்கு வீடு போனது. வீட்டிலேயே இருந்தீர்கள், ஆனால் எவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சின்னண்ணன் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல் அறைக்குப் போய்விட்டான். பினாங்கில் உங்கள் அப்பா காலமாகியிருந்தார், கடையும் கைமாறிவிட்டது. காய்ச்சலில் நீங்கள் கிடந்தபோது, "சளிதானே, கஷாயம் போடு" என்றார் பெரியண்ணன். டாக்டரைக் கூப்பிடச் சொல்லி நான் கத்தியது எவர் காதிலும் ஏறவில்லை. நீங்கள் கண்ணை மூடியதும் அவரே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாரே, எலிக்காக அழுகிற பூனை! நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. மாலையோடு வந்த திடல்காரர்களைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார் காரியக்காரர்.

இன்று விழா முடிந்ததும் அவர்களில் வயதான ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேரு வைக்கிறதுன்னா அந்த அம்மா பேரைல்ல வைக்கணும்? கடைசியா ஒருதரம் மொகம் பாக்க விடலியேம்மா" என்றாள். 

காரில் திரும்பும்போது அண்ணன் கேட்டார். "எப்படிம்மா பேசினேன்?"

"அண்ணி இதுக்கு ஒரு வார்த்தை வச்சிருந்தாங்கண்ணே."

"சீன பாஷையிலயா? சொல்லு, சொல்லு" என்று சிரித்தார்.

"தமிழ்லயே சொல்றேன். அடுத்தவங்க பூவை எரவல் வாங்கிச் சாமிக்குப் போடுறது. தன்னைத் தானே சொல்லிக்கிட்டா அது பணிவாம். மத்தவங்க சொன்னா செருப்படியாம்."

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"அவளுக்கு நான் என்ன கொற வச்சேன்? சோறு போடலையா?"

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். உச்சி வெயில். தஞ்சாவூர் பஸ் வர வெகுநேரம் ஆயிற்று.

அந்தச் சொற்கள் எல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன, அண்ணி. உங்களைப்போல அவற்றைச் சொல்லிச் சிரிக்கத்தான் வரவில்லை, அருவருப்புதான் மிஞ்சுகிறது. நீங்கள் அவர்களுக்குப் புரியாத பாஷையில் சொன்னீர்கள். புரிந்திருந்தால் துரத்தியிருப்பார்கள், உங்களுக்குப் போக ஒரு இடமும் இல்லை. எனக்கு வாத்தியார் வேலை இருக்கிறது, வாடகைக்கு ஒரு வீடு இருக்கிறது, ஏறிப்போக ஒரு பஸ் இருக்கிறது. அதனால் புரியும்படியே சொல்லிவிட்டு வந்தேன்.