கழுத்தில்லாத மனிதனின் வள்ளம்

ஏப்ரல் 9, புதன்

இன்று மூன்று கட்சிக்கு ஓம் சொன்னேன். ஒரே பின்னேரம், ஒரே கதிரையில் இருந்தபடி.

முதல் வந்தவர்கள் உரிமை பற்றிக் கதைத்தார்கள். ஓம் என்றேன், அதிலே பிழை என்ன இருக்கிறது. இரண்டாவது ஆட்கள் அபிவிருத்தி. அதை ஆர் வேண்டாமென்றது? அவர்களுக்கு என்ர மனிசி கமலம் தேத்தண்ணி கொண்டுவரும்போதே கேற்றடியில் மூன்றாவது கூட்டம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்தவர்களைக் குசினிப் பக்கத்தால் வெளியே அனுப்பப் பார்த்தேன். அதிலே ஒருவர் உடுப்புக் கொடியில் மாட்டுப்பட்டு, கமலத்தின் சீத்தைத் துணியைத் தோளில் போட்டபடி முன்வாசலுக்கே வந்து சேர்ந்தார். இரண்டு கூட்டமும் கை குலுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தன. நான் மூன்றாவது தரமும் ஓம் சொன்னேன். பழக்கதோஷம்.

"அப்பாவிட்ட ஒரு வோட்டுத்தானே இருக்கு? எப்பிடிப் பிரிச்சுக் குடுக்கப்போறியள்?" என்றாள் மகள் தயாளினி. பத்தொன்பது வயது. இந்தச் சபைத் தேர்தல்தான் அவள் போடப்போகும் முதல் வாக்கு. போடுவாளாக இருந்தால். "நான் போறன் எண்டு ஆர் சொன்னது? நீங்கள் இத்தனை தரம் போட்டு என்னத்தைக் கண்டியள்? முதல் ஆருக்குப் போட்டனீங்கள், அதைச் சொல்லுங்கோ."

"போட வேண்டிய இடத்தில போட்டனான்" என்றேன்.

கேற்றில் செருகிவிட்டுப் போன நோட்டீஸ் மூன்றையும் பொழுதுபட, ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வந்து தின்றது. பாரபட்சம் பார்க்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

கடல் எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடந்தது. கப்பல் பதினொரு மணிக்கு என்றார்கள், வந்தது இரண்டு மணிக்கு. அதுவரை நானும் ஆதம்பாவாவும் வள்ளத்தில். காத்திருப்பதுதான் எங்கள் வேலையில் முக்கால்வாசி. கப்பல் வந்தால் அது எறிகிற கயிற்றைப் பிடித்துக்கொண்டுபோய் மிதவையில் மாட்டவேண்டும். என்ன கொடி, என்ன சாமான் என்று நாங்கள் கேட்பதில்லை.

ஆதம்பாவா கிண்ணியாக்காரன். தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு நித்திரை. நான் தண்ணீரைப் பார்த்தபடி எனக்கு ஆர் என்று யோசித்தேன். முதலாவது கட்சி மேடையில் காணாமற்போனவர்களைப் பற்றிச் சொல்லும்போது என்ர பெரியம்மாவின் மகன் ஞாபகம் வரும். தேர்தல் முடிந்தால் பெரியம்மாவின் வாசலுக்கு ஒருவரும் வருவதில்லை. இரண்டாவது கட்சி றோட்டுப் போடும், எங்கள் ஒழுங்கைக்கு முதல் ஒழுங்கையோடு நிற்கும். மூன்றாவது கட்சிக்கு எல்லாரும் ஒன்றாம். ஆனால் அவர்கள் சிங்களத்தில் அனுப்புகிற கடிதத்தை வாசிக்க நான் ஆள் தேடவேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு எனக்குப் பிடிக்கிறது. துண்டுக்குப் புள்ளடி போட ஏலாது.

இந்தக் கொப்பிக்கு மட்டும் சொல்கிறேன். நான் மூன்று தேர்தலாக வாக்குச் சீட்டில் புள்ளடிக் குறி போடவில்லை. வள்ளம் கீறுகிறேன்.

முதல் தரம் நினைத்துச் செய்யவில்லை. சாவடியில் மறைப்புக்கு வைத்திருக்கிற அந்த மட்டைப் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்காத ஒரு அமைதி. கை தன்பாட்டில் கீறிவிட்டது. ஒரு வள்ளம், அதில் ஒரு மனிசன், துடுப்பில்லை. எனக்குக் கீறத் தெரிந்த ஒரே படம் அது. அந்த மனிசனுக்குக் கழுத்து வைக்க இன்றுவரை எனக்கு வரவில்லை. தலை நேரே தோளில் குந்தியிருக்கும்.

ஏப்ரல் 14, திங்கள்

புதுவருசம். கட்டைபறிச்சானிலிருந்து கமலத்தின் தம்பி சுகிர்தன் வந்தான். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான், தேர்தல் வந்தால் வாக்கு எண்ணவும் போவான். சாப்பிடும்போது, "அத்தான், வெளியில சொல்லக்கூடாது, ஒரு பகிடி கேளுங்கோ" என்று தொடங்கினான்.

"போன வருசம் ரெண்டு தேர்தலிலையும் ஒரு விசரன் வோட்டில வள்ளம் கீறியிருக்கிறான். முதல் தரம் நானே கண்டனான். அடுத்த தரம் பக்கத்து மேசையில வந்ததாம். அதே வள்ளம்."

எனக்குச் சொதி புரைக்கேறிவிட்டது. கமலம் தலையில் தட்டினாள்.

"ஒண்டு சொல்லோணும் அத்தான். அண்டைக்கு விடிய விடிய ஒவ்வொரு வோட்டுக்கும் சண்டை. இந்த வள்ளத்தைத் தூக்கிக் காட்டேக்க மட்டும் எல்லாக் கட்சிக்காரரும் ஒண்டாத் தலையாட்டினவை. செல்லாது எண்டு!" பக்கத்தில் கிடந்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வேறு கீறிக் காட்டினான். கழுத்தில்லாத மனிசனையும் விடவில்லை. நல்ல ஞாபகசக்தி.

தயாளினி அந்தத் தாளை எடுத்துக் கனநேரம் பார்த்தாள்.

"இந்த ஆள்தான் மாமா உண்மையான ஆள். போனால் நானும் இப்பிடித்தான் கீறுவன்."

எனக்குப் பெருமை வரவேண்டிய இடத்தில் பயம் வந்தது. நான் நாற்பத்தெட்டு வயதுக்குள் எல்லாருக்கும் ஒவ்வொரு தரம் போட்டுப் பார்த்துவிட்டு வள்ளத்தில் ஏறினவன். இவள் இன்னும் கரையிலேயே நிற்கவில்லை.

"அவன் ஒரு விசரன், பிள்ளை. வேலைவெட்டி இல்லாதவன். வோட்டை வீணாக்கிறவன்" என்று நானே என்னை ஏசினேன். குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நீங்கள் ஏனப்பா அவரில இவ்வளவு கோவப்படுறியள்?"

கமலம் என் பக்கம் நின்றாள். "அப்பா சொல்லுறது சரிதான். அந்த மனிசனுக்கு மண்டை பிழை."

ஏப்ரல் 15, செவ்வாய்

கமலம் சொன்னதுதான் கூட நோகிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

சுபைதா வந்து தயாளினியின் சட்டையைத் தந்துவிட்டுப் போனாள். எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் தையல் மெஷின் போட்டிருக்கிறவள். இந்த முறை நாலு பெண்களும் இரண்டு ஓட்டோக்காரரும் சேர்ந்து சுயேச்சைக் குழு போட்டிருக்கிறார்கள், எங்கள் வட்டாரத்துக்கு வேட்பாளர் இவள்தான். சின்னம் தையல் மெஷின் கேட்டதாம், பூட்டுத்தான் கிடைத்ததாம். "எண்ட வாய்க்குத்தான் தந்திருக்காங்க எண்டு மனிசன் சொல்றார்" என்று சிரித்தாள்.

கையில் நோட்டீஸ் கட்டு. எங்களுக்கு ஒன்றும் நீட்டவில்லை. நான் அதைப் பார்த்ததை அவள் கண்டுவிட்டாள்.

"உங்கட ஊட்டுக்கு நான் தரல்ல அண்ணன். உங்கட ஆக்கள் எலக்சன் கேக்கிறாங்கதானே. பொறகு உங்களுக்குச் சங்கடமாப் போகும்."

மரியாதையாகத்தான் சொன்னாள். நான் வழக்கம்போல ஓம் என்றேன்.

உங்கட ஆக்கள். ஆர் அவர்கள்? இவ்வளவு நாளும் நானும் தேடுகிறேன். கண்டால் சொல்லச் சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 25, வெள்ளி

கப்பலிலிருந்து முதலில் எறிகிற மெல்லிய கயிற்றின் நுனியில் தேங்காய்க் குரும்பை அளவு முடிச்சு இருக்கும். இன்று அது என்ர நெற்றியில். நான் பூட்டையும் வள்ளத்தையும் யோசித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி இருந்திருக்கிறேன். கயிறு தண்ணீரில் விழுந்து, மேலே இருந்து ஆரோ விளங்காத பாசையில் ஏசினார்கள். ஏச்சு மட்டும் எந்தப் பாசையிலும் விளங்குகிறது.

"எலக்சன் முடியுமட்டும் உங்கள வள்ளத்துல ஏத்த ஏலாது" என்றான் ஆதம்பாவா. பிறகு நெற்றிக்கு ஈரத்துணி வைத்துவிட்டான். "ஆருக்குப் போடுறதெண்டு யோசினையா?"

"ஓம்."

"எனக்கும்தான். அதாலதான் நான் நித்திர கொள்றன்."

ஏப்ரல் 29, செவ்வாய்

விடியப்புறம் ஒரு கனவு. கொட்டியாரக் குடா முழுக்க வாக்குச் சீட்டு மிதக்கிறது, வெள்ளை வெள்ளையாக, அலை இல்லாமல். நான் வள்ளத்தில் போய் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். எல்லாம் வெறுமை. ஒன்றில் மட்டும் தயாளினி முதலாம் வகுப்பில் எழுதின 'அ'. அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்ப முயன்றால் துடுப்பு இல்லை. பயமாக இருக்கவில்லை, அதுதான் புதினம். நல்ல வெளிச்சம். கரை தெரிந்துகொண்டே இருந்தது, ஆனால் கிட்ட வரவில்லை.

எழும்பினபிறகு துடுப்புப் போடுகிறதுபோலக் கையை அசைத்துப் பார்த்தேன்.

மே 3, சனி

நன்றாக இருக்கிற காற்சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு சுபைதாவிடம் போனேன், நீளம் குறைக்க. ஒரு நோட்டீஸ் கேட்க வெட்கப்பட்டு ஒரு காற்சட்டையைப் பலி கொடுத்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான்.

அளவெடுத்து முடிய, "நோட்டீஸ் ஒண்டு இருக்கோ?" என்றேன்.

மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "முடிஞ்சி அண்ணன். முந்நூறுதான் அடிச்ச."

"அப்ப என்ன செய்யப்போறியள் எண்டு வாயால சொல்லுங்கோ."

"பெரிசா ஒண்டுமில்ல. இந்த வாய்க்காலுக்கு மூடி. மழைக்குப் புள்ளையள் அதுக்குள்ள உழுகுது. பள்ளிக்கூட வாசல்ல றோட்டுக் கடக்க ஒரு கடவ. இறங்குதுறையில ரெண்டு படி உடைஞ்சி கிடக்கு, அது." கொஞ்சம் யோசித்தாள். "மத்தப் பெரிய விசயம் எனக்குத் தெரியா அண்ணன். தெரியுமெண்டு சொன்னாப் பொய்."

பெரியம்மாவின் மகனுக்கு இதில் இடமில்லை. என்ர கடிதத்துக்கும் இல்லை. அவள் என்ர ஆள் இல்லை, நானும் அவளின்ர ஆள் இல்லை. ஆனால் அந்த வாய்க்காலுக்குள் இரண்டு மாரிக்கு முன்னம் சைக்கிளோடு விழுந்தவன் நான்தான். அதை அவளுக்குச் சொல்லவில்லை. அவள் கண்டிருக்கிறாள் என்று அவளின்ர முகம் சொன்னது.

காற்சட்டையைச் சுற்றின கடதாசியில் தையல் சோக்கால் ஒரு பூட்டுக் கீறித் தந்தாள். "இதான் நோட்டீஸ்." என்னைவிட நன்றாகக் கீறுகிறாள்.

பொதியை மேசையில், தயாளினி கண்ணில் படும்படி வைத்தேன். அவள் சோக்குப் பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவ வோட்டுக் கேட்டவவோ?"

"இல்லை. நான்தான் கேட்டனான்."

மே 5, திங்கள்

"நாளைக்கு நானும் வாறன்" என்றாள் தயாளினி. காரணம் சொல்லவில்லை. நானும் தோண்டவில்லை. காற்சட்டை இரண்டு விரற்கடை கட்டை.

மே 6, செவ்வாய்

காலை எட்டுமணிக்கே போனோம். கமலம் முன்னால், நான், எனக்குப் பின்னால் தயாளினி. வரிசையில் நிற்க, அந்த மூன்று கட்சிக்காரரும் தூர நின்று எனக்குத் தலையாட்டினார்கள். நானும் மூன்று பக்கமும் ஆட்டினேன்.

மட்டைப் பெட்டி. பேனை. அதே அமைதி. பூட்டைக் கண்டுபிடித்தேன். அதற்கு நேரே பேனையை வைத்தேன் – கை தன்பாட்டில் வளைந்துவிட்டது! வள்ளத்தின் அடிக்கோடு! ஐயோ என்ர கடவுளே. அப்படியே பிடித்து நிறுத்தி, அதற்குக் குறுக்கே மற்றக் கோட்டைப் போட்டேன். ஒரு கால் வளைந்த புள்ளடி. செல்லுமோ செல்லாதோ தெரியாது. இவ்வளவு நாளும் செல்லாமல் போகவேண்டுமென்று கீறினவன், இன்று செல்லவேண்டுமென்று வியர்த்துப்போய் நின்றேன்.

வெளியே வந்து தயாளினிக்காகக் காத்து நின்றேன். சின்னி விரல் மையை ஊதிக்கொண்டு வந்தாள். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"போட வேண்டிய இடத்தில போட்டனான்" என்றாள்.

மே 7, புதன்

சுபைதாவுக்கு வெல்ல வோட்டுக் காணாதாம். ஒழுங்கையில் மெஷின் சத்தம் கேட்கிறது.

மே 11, ஞாயிறு

மத்தியானம் சுகிர்தன் வந்தான். இந்த முறை எங்கள் பள்ளிக்கூடத்துச் சாவடியிலேயே வைத்து எண்ணினார்களாம், அவனும் அங்கேதானாம். மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பாற்கறியும் சொதியும். தயாளினி காலையிலிருந்து சுபைதா வீட்டில். வாய்க்கால் மூடிக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்குத்தான் வந்தாள். நாளைக்கு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கவும் போகிறாளாம்.

"பூட்டுக்கு நூற்றித் தொண்ணூற்றேழு" என்றான் சுகிர்தன். "அதில ஒரு புள்ளடி, அத்தான், கோழி கிளறின மாதிரி வளைஞ்சு. செல்லாது எண்டு ஒருத்தர், செல்லும் எண்டு ஒருத்தர், பத்து நிமிசம் இழுபாடு. கடைசியில கணக்கில எடுத்தாச்சு."

எடுத்துவிட்டார்கள். நூற்றித் தொண்ணூற்றேழாவது ஆள் நான். பெரிய மீன்துண்டாகப் பார்த்து எனக்கே போட்டுக்கொண்டேன்.

"அந்த வள்ளக்காரன் இந்த முறை வரேல்லையோ?" என்று கமலம் கேட்டாள். நான் வாய்க்குள் சிரித்துக்கொண்டேன்.

"அதை ஏனக்கா கேக்கிறியள்? வந்தவன். இஞ்ச, இந்தச் சாவடியிலதான்! எல்லாரும் தலையாட்டிப் போட்டுச் செல்லாத வோட்டுப் பெட்டியில போட்டம்."

வாய்க்குக் கொண்டுபோன மீனை நான் திரும்பச் சோற்றில் வைத்தேன்.

"ஆனால் அக்கா, இந்த முறை வள்ளத்தில ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் கழுத்தில்லை. ஒருத்தற்ற கையில துடுப்பும் இருக்கு."

"விசர் முத்திப்போச்சு" என்றாள் கமலம்.

தயாளினி தலை நிமிர்த்தவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். இடது சின்னி விரலில் மை இன்னும் போகவில்லை. முதலாம் வகுப்புக் கொப்பி மட்டைகளில் எல்லாம் நான் அவளுக்கு அந்த வள்ளத்தைத்தானே கீறிக் கொடுத்தேன். புதுவருசத்தன்றே ஆள் நான்தான் என்று அவளுக்கு விளங்கியிருக்கிறது. நான் என்னை விசரன் என்று கத்தினபோதும் விளங்கித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வோட்டு வீணாய்ப் போயிற்றே என்று ஏசவும் மனம் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை.

சொதியை எடுத்து என் பக்கம் தள்ளினாள். "புரைக்கேறாமல் குடியுங்கோ அப்பா."

குடித்தேன். கேட்கவேண்டும்போல் ஒன்றே ஒன்று இருந்தது. கேட்கவில்லை.

துடுப்பு ஆரின்ர கையில, பிள்ளை?